இருபத்திரண்டு பேரும் தெரிகிற படம், ஏழு புதுக் கோச்சுகள்

போன 2024 சீசனில் என் அமெரிக்கக் கால்பந்து (என்.எஃப்.எல்.) அணியான சிகாகோ பேர்ஸ் 17 ஆட்டத்தில் 12 தோற்ற கையோடு, ஒரு வீடியோ சேவையில் உயர்கட்டணச் சந்தா எடுத்தேன். கோபத்தில் எடுத்ததுதான். டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். இதிலோ 'ஆல்-22' என்ற கோணம் கிடைக்கிறது: மைதானத்தின் உச்சியிலிருந்து இரண்டு அணியின் இருபத்திரண்டு பேரும் ஒரே காட்சியில் தெரிவார்கள். வர்ணனையும் இல்லை, கூட்டத்தின் சத்தமும் இல்லை. கோச்சுகள் உட்கார்ந்து பார்ப்பது இதைத்தான். சிகாகோவின் மெட்ரா புறநகர் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், எறும்பு ஊர்வது போலத் தெரிகிறதே, இது என்ன கேம் என்று கேட்டார்.

இதை எழுதுவது 2025 சீசன் தொடங்குமுன். இந்த ஆண்டு ஏழு அணிகளுக்குப் புதுத் தலைமைக் கோச். இவர்களில் யார் தேறுவார்கள் என்று இந்தப் படத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. பாதிதான் பலித்தது.

முதலில் எங்கள் ஆள், பேர்ஸுக்கு வந்த பென் ஜான்சன். டெட்ராய்ட் லயன்ஸில் இவர் அஃபென்ஸை (பந்தை முன்னேற்றும் பாதி அணியை) கவனித்த 2024-இல் லீகிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த அணி அதுதான், 564. டிசம்பர் 22 அன்று சோல்ஜர் ஃபீல்டில் எங்களுக்கு எதிராகவே ஒரு வித்தை காட்டினார். பந்தை வீசும் குவாட்டர்பேக் கோஃப் தடுமாறுகிற மாதிரி நடிக்க, பந்தோடு ஓடும் ஆளான கிப்ஸ் வேண்டுமென்றே விழுந்தார். அடுத்த நொடி பந்து இன்னொரு லயன்ஸ் ஆட்டக்காரர் லாபோர்ட்டா கையில், டச் டவுன் (எதிரணியின் கோட்டைப் பந்தோடு கடந்தால் ஆறு புள்ளி). டிவியில் பார்த்தபோது திட்டினேன். ஆல்-22-இல் பத்துத் தடவை பார்த்த பிறகு, நம் டிஃபென்ஸின் (தடுக்கும் பாதி அணியின்) கண்கள் எங்கே போயின என்பது புரிந்து, திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் அதே ஆள் ஜனவரியில் வாஷிங்டனுடன் நடந்த பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும்) ஆட்டத்தில், நான்காம் கால்பகுதியில் பின்தங்கியிருந்த நேரத்தில், பந்தைப் பிடிப்பதே வேலையான ரிசீவர் ஜேம்சன் வில்லியம்ஸைப் பந்து வீசச் சொன்னார். இன்டர்செப்ஷன், பந்து எதிரணி கைக்குப் போனது. 15 வெற்றி பெற்ற அணி 45-31 என்று வீட்டுக்குப் போனது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், இந்த மனிதர் மொத்தமும் அதில் இருக்கிறார். போன வருஷம் 68 தடவை சாக் வாங்கிய (பந்தை வீசுமுன் சாய்க்கப்பட்ட) எங்கள் குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸுக்கு, தூனி, டால்மன், ஜோனா ஜாக்சன் என்று முன்வரிசையின் நடுப்பகுதியையே மாற்றியிருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை உண்டு, கொஞ்சம் வயிற்றைக் கலக்கவும் செய்கிறது.

இங்கேதான் படத்தின் எல்லை தெரிகிறது. ஜான்சன், ஜெட்ஸுக்குப் போன ஏரன் க்ளென், ஜாக்சன்வில்லின் லியாம் கோயன் போன்றவர்களின் பழைய படத்தில் பார்க்கக் கிடைப்பது ஒரு பாதி அணிதான், அஃபென்ஸோ டிஃபென்ஸோ. டைம் அவுட்டை எப்போது எடுப்பார், நான்காவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் கடைசி முயற்சியில்) துணிவாரா, இதெல்லாம் அதில் இல்லை. அந்த முடிவு அப்போது வேறொருவருடையது.

நியூ இங்கிலாந்துக்கு வந்த மைக் வ்ரேபல் விஷயம் அப்படி இல்லை. 2023 டிசம்பரில் மியாமியில், அவர் அப்போது தலைமைக் கோச்சாக இருந்த டைட்டன்ஸ், மூன்று நிமிடம்கூட மீதி இல்லாதபோது 14 புள்ளிகள் பின்னால். டச் டவுன் அடித்ததும் கிடைக்கும் கூடுதல் முயற்சியில், ஒரு புள்ளிக்கு உதைக்காமல், மறுபடி கோட்டைக் கடந்து இரண்டு எடுக்கப் போனார். கிடைத்தது. அடுத்த டச் டவுனுக்குப் பின் ஒரே உதை, 28-27. இது தலைமைக் கோச்சின் முடிவு, கண்ணால் பார்க்கலாம். நியூ இங்கிலாந்து போன வருஷம் 4-13. கையில் குவாட்டர்பேக் டிரேக் மே இருக்கிறார். ஏழு பேரில் என் முதல் இடம் வ்ரேபலுக்குத்தான், ஒரு பேர்ஸ் ரசிகன் இதைச் சொல்வது எளிதல்ல.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயன் பரவாயில்லை, டாம்பா பேயில் குவாட்டர்பேக் மேஃபீல்டை 41 டச் டவுன் வீச வைத்தவர். கெலன் மூர் பிலடெல்பியாவின் அஃபென்ஸைக் கவனித்து, லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வென்றுவிட்டு வருகிறார், ஆனால் பந்தோடு ஓடும் பார்க்லி 2,005 யார்டு ஓடுகிற அணியில் யார் திட்டம் போட்டாலும் அழகாகத்தான் தெரியும். அவர் போகும் நியூ ஆர்லியன்ஸில் குவாட்டர்பேக் டெரெக் கார் ஓய்வே பெற்றுவிட்டார். பீட் கேரலுக்குச் செப்டம்பரில் 74 வயது. ரெய்டர்ஸை ஓரளவு நிமிர்த்துவார், எத்தனை வருஷத்துக்கு என்பதுதான் கேள்வி. டல்லஸின் ஷாட்டன்ஹைமர் பற்றி எனக்கு அபிப்பிராயமே உருவாகவில்லை. அவருடைய அப்பா மார்ட்டி 200 ஆட்டம் வென்ற தலைமைக் கோச். அது மகனுக்குக் கடன் தராது.

சரி, சேவைக்கு வருவோம். படம் தெளிவு. தேடும் வசதி மோசம், வாரத்தின் எண் தெரியாவிட்டால் ஆட்டம் கிடைக்காது. ரயிலில் சிக்னல் போனால் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஆல்-22 காட்சியை வேண்டிய இடத்துக்கு நகர்த்துவதற்குள் ஒரு ஸ்டேஷன் போய்விடுகிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

சந்தாவை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன், செப்டம்பரில் திரும்ப எடுப்பேன். 8-ஆம் தேதி திங்கள் இரவு வைகிங்ஸுடன் ஜான்சனின் முதல் ஆட்டம். அதன் ஆல்-22 செவ்வாய் காலை ரயிலுக்குள் வந்து சேராது. புதன்கிழமை பார்த்துக்கொள்கிறேன்.