பாமினியிலிருந்து யூனிகோடுக்கு: கையை எந்த விசைப்பலகைக்குப் பழக்குவது?

அலுவலகமோ அச்சகமோ பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களைக் கைவிட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறும்போது, மென்பொருளை நிறுவுவது பத்து நிமிட வேலை. விரல்களை மாற்றுவதுதான் இழுக்கும். பாமினியிலும் வானவில்லிலும் வருடக்கணக்கில் ஓடிய கைக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: பழைய தட்டச்சு வரிசையையே யூனிகோடிலும் தொடர்வது, ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறை, ஒவ்வொரு உயிருக்கும் மெய்க்கும் ஒரு விசை தரும் தமிழ்99 விசைப்பலகை. நான் தமிழ்99 கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை ஒரு பொருட்டே இல்லை. விண்டோஸில் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி ஆகியவற்றில் மூன்று முறைகளுமே உண்டு, காசும் கேட்பதில்லை. மேக்கிலும் ஐஃபோனிலும் தமிழ்99, அஞ்சல் என்ற ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் கூடவே வருகின்றன. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைப் போட்டால் போதும். ஆகவே எது கிடைக்கும் என்ற கவலை வேண்டாம். எதில் அடித்தால் உள்ளே போய்ச் சேரும் எழுத்து சரியாக இருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒலிபெயர்ப்பை விரைவாக முடித்துவிடலாம். ஆங்கில விசைகள் தெரிந்தவர் அன்றைக்கே அடிக்கத் தொடங்கலாம், அதில் சேமிக்கப்படும் எழுத்தும் ஒழுங்காகவே இருக்கும். குறை உழைப்பில். ‘கொடுக்கப்பட்டது’ என்ற சொல்லுக்குத் தமிழ்99-ல் 12 தட்டல், ஒலிபெயர்ப்பில் 16. ‘மக்கள்’ அங்கே 5, இங்கே 6, அதோடு ள-வுக்காக ஒரு ஷிஃப்ட். ண, ள, ற மூன்றுக்கும் ஷிஃப்டைத் தேடி விரல் போக வேண்டியிருப்பதால், அவசரத்தில் ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகிவிடும். நாளுக்கு அரைப் பக்கம் அடிப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. முழுநாளும் அடிப்பவருக்கு மணிக்கட்டு கணக்குச் சொல்லும். இணையம் வழியே சொல்லைப் பரிந்துரைக்கும் கருவிகள் வேறு வகை. இணைப்பு விட்டால் நின்றுவிடும், நாம் நினைக்காத சொல்லையும் சில சமயம் போட்டுவிடும்.

இனி பழைய தட்டச்சு வரிசை. தொழில்முறைத் தட்டச்சர்கள் முதலில் கேட்பது இதைத்தான், அது நியாயமும்கூட. இரண்டே நாளில் பழைய வேகம் திரும்பிவிடும். ஆனால் திரையில் தெரிவதும் கோப்பில் சேமிக்கப்படுவதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால், இந்த வரிசைதான் அதிகம் காலை வாருகிறது. எனக்கு இதுவே தீர்ப்பைச் சொன்ன காரணம், அதனால் கொஞ்சம் விரிவாக.

தட்டச்சுப் பொறி கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை இடமிருந்து வலமாகப் பதித்தது. ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் உயிர்க்குறி வரும். எனவே மென்பொருள் கொம்பைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, க வந்ததும் இடம் மாற்றிச் சேர்க்க வேண்டும். தொடர்ச்சியாக அடிக்கும்வரை இது நடக்கும். நடுவில் அழித்து, சுட்டியை வேறெங்கோ வைத்து, சொல்லின் பாதியில் திருத்தினால், கொம்பு தனியே புள்ளி வட்டத்தோடு நிற்கும், அல்லது பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இது கண்ணில் படும் பிழை என்பதால் திருத்திவிடலாம். கண்ணில் படாதவைதான் ஆபத்து. தட்டச்சு மரபில் ர்-ஐக் கால் போட்டுப் புள்ளி வைத்தே அடிப்பார்கள், இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால். பாமினியிலும் அதே பழக்கம். அந்த விரல் யூனிகோடிலும் அப்படியே அடித்தால் ‘அவர்கள்’ ‘அவா்கள்’ ஆகிறது. எழுத்துருவைப் பொறுத்து வித்தியாசமே தெரியாது. முன்னால் கொம்பு இருந்தால் இன்னும் மோசம்: ‘தேர்தல்’ ‘தோ்தல்’ ஆகும், ‘சேர்ந்த’ ‘சோ்ந்த’ ஆகும், ‘தெரியும்’ ‘தொியும்’ ஆகும். இணையத்தில் தமிழ்ச் செய்தி படிப்பவர்கள் இந்த உருவங்களைப் பார்த்திருப்பார்கள். ‘தேர்தல்’ என்று தேடுபவருக்கு ‘தோ்தல்’ கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினால் இடம் மாறும், பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடும், வாசித்துக் காட்டும் மென்பொருள் தடுமாறும்.

ஔகாரம் இன்னொரு பள்ளம். ‘கௌரவம்’ என்பதில் வரும் ‘கௌ’-வின் பின்பாதியைத் தட்டச்சர் ள விசையால் அடிப்பார். கணினிக்கு அது ‘கெ’ என்ற எழுத்தும் ‘ள’ என்ற எழுத்தும்தான். ‘கெளரவம்’ என்று உள்ளே போய்விடும். ‘ஔவையார்’ ‘ஒளவையார்’ ஆவதும் இப்படித்தான். கவனமாக எழுதப்பட்ட மென்பொருள் காலையும் புள்ளியையும் சேர்த்துப் பார்த்து ர் ஆக்கிவிடும். ஆனால் ஔ விஷயத்தில் எந்த மென்பொருளாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் ‘வெளி’, ‘தெளிவு’ எல்லாம் உண்மையிலேயே ள உள்ள சொற்கள்.

தமிழ்99-ல் இந்தக் குழப்பத்துக்கு இடமே குறைவு. காலுக்கென்று, கொம்புக்கென்று தனி விசை கிடையாது. 12 உயிருக்கும் 18 மெய்க்கும் ஒவ்வொரு விசை, அதோடு புள்ளி. மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் வரும்: த, ஏ, ர, புள்ளி என்றால் ‘தேர்’. ஔ-வுக்குத் தனி விசை இருப்பதால் ள-வை நாட வேண்டாம். ர வேண்டுமென்றால் ர-வைத்தான் அடிக்க வேண்டும்.

அடுக்கும் மனதில் நிற்கும்படி இருக்கிறது. உயிர்கள் எல்லாம் இடக்கையில். நடு வரிசையில் ஏ, எஸ், டி, எஃப், ஜி விசைகளில் முறையே அ, இ, உ, புள்ளி, எ. அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஐ, ஏ. கீழ் வரிசையில் ஔ, ஓ, ஒ. வலக்கை நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய. வேகத்தின் ரகசியம் தானியங்கிப் புள்ளி: ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும், ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய இணைகளிலும் அப்படியே. ஆகவே ‘தம்பி’, ‘பந்து’, ‘தந்தி’, ‘நம்பு’ எல்லாமே நான்கு தட்டல், அதுவும் விரல் நடு வரிசையை விட்டு நகராமல். பயிற்சியை இந்தச் சொற்களில் தொடங்கினால் கைக்கு நம்பிக்கை வரும்.

இதே வசதி சில இடங்களில் காலை வாரும். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அ விசையைத் தட்ட வேண்டும். ‘சமபந்தி’ என்று அடிக்கப் போய் ம-வும் ப-வும் சேர்ந்து ‘சம்பந்தி’ ஆகிவிட்டால் அழைப்பிதழின் பொருளே மாறிப்போகும். ச, ம, அ, ப என்று அடித்தால் சரி. ‘பப்பாளி’, ‘தத்துவம்’, ‘நந்தவனம்’ போலத் தொடக்கத்திலேயே ஒரே மெய் திரும்ப வரும் சொற்களுக்கும் முதல் எழுத்துக்குப் பின் ஓர் அ தேவை.

குறைகளும் உண்டு. வலச் சுண்டுவிரலுக்கு வேலை அதிகம்: ந, ய, ச, ஞ, ழ எல்லாம் அதன் தலையில். மேற்கோள் குறியும் அரைப்புள்ளியும் ஷிஃப்டுக்குப் போய்விடும், முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஐரோப்பிய நாடுகளில் வாங்கிய மடிக்கணினியில் அடைப்புக்குறி விசைகள் இடம் மாறியிருப்பதால் ச-வும் ஞ-வும் அச்சிட்டிருக்கும் இடத்தில் இருக்காது. நிறுவியதும் க விசையை இருமுறை தட்டிப் பாருங்கள். ‘க்க’ வந்தால் சரியான பதிப்பு. ‘கக’ வந்தால் தானியங்கிப் புள்ளி இல்லாத பதிப்பு, அதில் பழகாதீர்கள். லினக்ஸில் எம்17என்-ஐச் சொன்னதும் இதனால்தான், அங்குள்ள சாதாரண விசைப்பலகை வரைவுகளுக்கு முன்பு அடித்த விசை நினைவிருக்காது.

தினம் அரைமணி ஒதுக்கினால் இரண்டு வாரத்தில் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கலாம். பழைய வேகம் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அது ஆளுக்கு ஆள் மாறும். பாதி நாள் பழைய வரிசை, பாதி நாள் புதியது என்று ஓட்டினால் இரண்டும் கெடும். அவசர வேலை இல்லாத மாதத்தில் மாறுங்கள்.

எந்த வரிசையைத் தேர்ந்தாலும், மாற்றிய பழைய கோப்புகளைச் சுத்தம் செய்தாக வேண்டும். ‘ா்’ இருக்குமிடமெல்லாம் ‘ர்’, ‘ாி’ என்பதற்கு ‘ரி’, ‘ாீ’ என்பதற்கு ‘ரீ’, ‘ொ்’ என்பதற்கு ‘ெர்’, ‘ோ்’ என்பதற்கு ‘ேர்’, ‘ொி’ என்பதற்கு ‘ெரி’, ‘ோி’ என்பதற்கு ‘ேரி’ என மொத்தமாக மாற்றலாம். இந்தச் சேர்க்கைகள் சரியான தமிழில் வரவே வராது என்பதால் பயமில்லை. ‘ெள’-வை மட்டும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், ‘வெளி’ எல்லாம் ‘வௌி’ ஆகிவிடும். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌக்கியம், கௌதம் என்று சொல்வாரியாகத்தான் தேடி மாற்ற வேண்டும்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை விட முடியாத அச்சகங்கள் இன்னும் உண்டு. அதற்குத் தமிழ் யூனிகோடு தெரியாது. அதற்காகத் தமிழ்99-ஐ ஒதுக்க வேண்டியதில்லை: யூனிகோடில் அடித்து வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும் படியை மட்டும் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மூலம் சுத்தமாகக் கையில் இருக்கும்.

அரசுத் தட்டச்சுத் தேர்வுக்குப் படிப்பவர் பழைய வரிசையை விட வேண்டாம், தேர்வு அதில்தான் நடக்கிறது. ஓய்வுக்கு ஓரிரு வருடமே உள்ளவரையும் நான் வற்புறுத்த மாட்டேன்; அவருக்கு ர விசையை ர-வுக்கே பயன்படுத்தும் பழக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிழை போய்விடும். கைபேசியில் செல்லினம் என்ற செயலி தமிழ்99-ஐத் தருகிறது, ஆனால் பெருவிரலால் அடிக்கும்போது பத்து விரல் அடுக்கின் பயன் பாதிதான் கிடைக்கும். அங்கே கைக்கு வந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.