சிறப்புப் பள்ளியா, அருகமைப் பள்ளியா?

மாற்றுத்திறன் கொண்ட குழந்தை பள்ளி வயதை எட்டும்போது, தமிழ்நாட்டுப் பெற்றோர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: சிறப்புப் பள்ளி, சிறப்புப் பயிற்றுநரின் துணையுடன் அருகிலுள்ள பொதுப்பள்ளி, வீட்டுவழிக் கல்வி. எந்த வழி ஏற்றது என்பதைப் பல வீடுகளில் பள்ளி நிர்வாகமே முடிவு செய்துவிடுகிறது. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 31-ஆவது பிரிவில், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசக் கல்வி பெறலாம் என்கிறது. எனவே சேர்க்கைக்கு முன்பே மருத்துவச் சான்றையும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையையும் (UDID) பெற்றுவிடுவது நல்லது.

அரசுப் பொதுப்பள்ளிகளில் உள்ளடக்கிய கல்வி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் நடைபெறுகிறது. வட்டார வள மையத்தைச் சார்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள் பல பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்வதால், அவர் வராத நாட்களில் குழந்தை முழுவதும் வகுப்பாசிரியரின் பொறுப்பிலேயே இருக்கும். "சிறப்பாசிரியர் இருக்கிறாரா?" என்று கேட்டால் எந்தப் பள்ளியும் ஆம் என்றே சொல்லும், வாரத்தில் எந்த நாட்களில், எத்தனை மணி நேரம், எத்தனை குழந்தைகளோடு என்று கேட்டால்தான் உண்மை நிலை தெரியும். இந்தக் குறையையும் மீறிப் பொதுப்பள்ளிக்கு ஒரு பலம் உண்டு. தெருவில் உடன் விளையாடும் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சும் பழக்கமும் சிகிச்சை அறையில் கிடைப்பதில்லை.

சிறப்புப் பள்ளியில் பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி ஆகியவை பாடவேளையின் பகுதியாகவே அமையும், வகுப்பும் சிறியது. ஆனால் தொலைவு அதிகம், சில இடங்களில் விடுதியில் விட நேரும். அறிவுசார் குறைபாடு உடையோருக்கான பள்ளிகள் பலவற்றில் பொதுத்தேர்வு வரை செல்லும் பாதையே இருக்காது என்பதால், அங்கிருந்து வெளியேறும் பிள்ளைகள் அடுத்து எங்கே போகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். பயிற்றுநர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர்களா என்று கேட்பதற்கும் தயங்க வேண்டியதில்லை.

என் மதிப்பீட்டில், முடிவைத் தீர்மானிக்க வேண்டியது குறைபாட்டின் விழுக்காடு அன்று. குழந்தைக்கு நாள்தோறும் எது இல்லாமல் முடியாது என்பதே. கற்றல் குறைபாடு உள்ள குழந்தையைப் பொதுப்பள்ளியிலிருந்து எடுப்பதற்கு அநேகமாகக் காரணமே இல்லை. தனிக்கவனமும் தேர்வுச் சலுகைகளும் போதும். செவித்திறன் குறைந்த குழந்தையின் நிலை வேறு. கருவிகளின் உதவியாலும் பேச்சொலி தெளிவாக எட்டாத குழந்தை, சைகைமொழி அறிந்த ஒருவரும் இல்லாத வகுப்பில் அமர்ந்தால், உள்ளடக்கம் என்ற பெயரில் தனிமையே மிஞ்சும். மொழி வேரூன்ற வேண்டிய தொடக்க வகுப்புகளைச் சிறப்புப் பள்ளியில் கழிப்பது அத்தகைய குழந்தைக்கு மேலானது. பார்வையற்ற குழந்தைக்கும் பிரெயிலும் தனித்து நடமாடும் பயிற்சியும் இளமையிலேயே தேவை. பூந்தமல்லியில் இருப்பது போன்ற அரசுச் சிறப்புப் பள்ளிகள் இதற்கென்றே இயங்குகின்றன. அடித்தளம் அமைந்தபின் பொதுப்பள்ளிக்கு மாறுவதில் தவறில்லை. ஆட்டிசத்துக்குப் பொதுவிதி சொல்ல இயலாது. முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடத்தில் முழுமையான மதிப்பீடு பெற்றபின் முடிவெடுக்கலாம்.

வீட்டுவழிக் கல்வி, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள குழந்தைக்கான உரிமையே தவிர, பள்ளி தன் சிரமத்தைத் தவிர்க்கப் பயன்படுத்தும் வாசல் அன்று. "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் தருமாறு கேளுங்கள்.

எட்டாம் வகுப்பு முடிவதற்குள் எந்தப் பாடத்திட்டம் என்ற இன்னொரு முடிவையும் எடுக்க வேண்டியிருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் குறைபாட்டின் தன்மைக்கேற்ப உண்டு. தலைமையாசிரியர் வழியாக மருத்துவச் சான்றுடன் உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலோ (NIOS) ஐந்து பாடங்கள் போதும், கணிதம் கட்டாயமில்லை, ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொரு பாடமாகவும் முடிக்கலாம். அதற்கு விலையும் உண்டு: அன்றாட வகுப்பும் தோழமையும் பெரும்பாலும் நின்றுபோகின்றன, கணிதத்தை விட்டால் பின்னாளில் சில படிப்புகளின் கதவும் மூடுகிறது. பத்தாம் வகுப்பில் தோற்றபின் அங்கு மாறுவதைவிட, ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டு இரண்டு பாடத்திட்டங்களையும் பார்த்து முடிவெடுப்பது நல்லது.