தாத்தா விட்டுப்போன ரெக்கார்ட் வைஸ்: எடைக்குப் போடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

பக்கவாட்டில் ரெக்கார்ட் என்ற பெயர் புடைத்து நிற்கும் பழைய ஷெஃபீல்ட் பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்தி, வேலைப்பொருளை இரண்டு தாடைக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்று உங்கள் பங்குக்கு வந்திருந்தால், காயலான் கடைக்காரர் சொல்லும் கிலோக் கணக்குக்கு உடனே தலையாட்ட வேண்டாம். இணையத்தில் யாரோ கேட்கும் ஆசை விலையையும் நம்பிவிட வேண்டாம். இந்த வைஸின் மதிப்பு மூன்று இடங்களில் இருக்கிறது: உடலில் விரிசல் இல்லாதது, உள்ளே திருகைப் பிடித்திருக்கும் பாக்ஸ் நட்டின் மரை, தாடைகள் ஒன்றுக்கொன்று நேராக வந்து சேர்வது. பெயர் அதற்குப் பிறகுதான்.

முதலில் அது என்ன வைஸ்?

ரெக்கார்ட் என்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் நிறுவனத்தின் வணிகப் பெயர். 1972-இல் அந்த நிறுவனம் ரிட்ஜ்வே என்ற கருவி நிறுவனத்துடன் இணைந்து ரெக்கார்ட் ரிட்ஜ்வே ஆனது. எனவே உடலிலோ பெட்டியிலோ விலைப்பட்டியலிலோ ஹாம்ப்டன் பெயர் மட்டும் இருந்தால், அது இணைப்புக்கு முந்தைய சரக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். ‘இர்வின் ரெக்கார்ட்’ என்று இரண்டு பெயரும் சேர்ந்து வந்தால் அது நம் காலத்துச் சரக்கு. அதைப் பழம்பொருள் என்று சொல்லி விற்பவரிடம் ஏமாற வேண்டாம்.

பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண்தான் பலரைக் குழப்புகிறது. அது தாடையின் அகலம் அல்ல, மாடல் எண். நம்பர் 3 என்றால் தாடை 4 அங்குலம். நம்பர் 5 என்றால் 5 அங்குலம், நம்பர் 6 என்றால் 6 அங்குலம். இந்த இரண்டும் எண்ணோடு ஒத்துப்போவதால்தான் நம்பர் 3-ஐ மூன்று அங்குல வைஸ் என்று நினைத்துக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நம்பர் 23 என்பது லீவரை அழுத்தினால் தாடை சட்டென்று நகரும் க்விக் ரிலீஸ் வகை. அதன் தாடை நாலரை அங்குலம். எண்ணைப் படிக்க முடியாவிட்டால் தாடைத் தகட்டின் நீளத்தை ஸ்கேலால் அளந்தால் போதும். வைஸின் அளவு என்று சந்தையில் சொல்வது இந்த அகலத்தைத்தான். தாடை எவ்வளவு தூரம் திறக்கிறது என்பது தனிக் கணக்கு.

52, 52½, 53 என்ற எண்கள் இருந்தால் அது தச்சர் வைஸ். முறையே 7, 9, 10½ அங்குலம். மேசைக்கு அடியில் பொருத்துவது, தாடையில் பல் இருக்காது, மரப் பலகை வைத்துத் திருகுவதற்கு ஓட்டைகள் மட்டும் இருக்கும். ஃபிட்டர் வேலைக்கு இது ஆகாது. ஆனால் தச்சு வேலை செய்பவர்கள் விரும்பித் தேடுவது இதைத்தான், எனவே வாங்கும் ஆளும் வேறு.

ரெக்கார்ட் இல்லாமல் வேறு பெயர் இருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். பாராமோ என்றால் ஷெஃபீல்டை ஒட்டிய சாப்பல்டவுனில் எஃப். பாராமோர் அண்ட் சன்ஸ் செய்தது. வோடன் என்றால் வெட்னஸ்பரி ஊரின் ஸ்டீல் நட் அண்ட் ஜோசப் ஹாம்ப்டன். பார்க்கின்சன் ‘பெர்ஃபெக்ட்’ என்றால் யார்க்‌ஷயரின் ஷிப்லி. க்விக் ரிலீஸுக்குப் பெயர்போனது. மூன்றுமே தரமானவை. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் கையில் துப்பாக்கிக் குண்டு வடிவில் உருண்ட வில்டன் கிடைத்தால், நகரும் தாடையை முழுதாக வெளியே இழுத்து அதன் அடிப்பக்கச் சட்டத்தைப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் மாதமும் ஆண்டும் பெரும்பாலும் ஐந்து ஆண்டு உத்தரவாதம் முடியும் தேதி. தயாரித்த ஆண்டு அதற்கு ஐந்து முன்னால்.

மேல்நோக்கிய சிறிய அம்பு ஒன்று குத்தியிருந்தால், அது பிரிட்டிஷ் அரசின் உடைமைக் குறி. பக்கத்தில் 1942 போன்ற ஆண்டும் சில கருவிகளில் இருக்கும். பட்டறை இருப்பு எண்களும் பல வைஸ்களில் குத்தப்பட்டிருக்கும். இவை குறையல்ல, தேய்த்து அழிக்க வேண்டாம். எஸ்ஜி அயர்ன் அல்லது டக்டைல் (எளிதில் உடையாமல் வளைந்துகொடுக்கும் வார்ப்பிரும்பு) என்று வார்ப்பிலேயே எழுதியிருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொருள் என்ற கதையை ஒதுக்கிவிடலாம். அந்த இரும்பை இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் கீத் மில்லிஸ் கண்டறிந்ததே 1943-இல், காப்புரிமை வந்தது 1949-இல்.

கையால் சோதிப்பது

தூசியைத் தட்டி, கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். அரைச் சுற்று சுற்றியும் தாடை அசையவில்லை என்றால் உடனே மரை போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஆட்டம் இரண்டு இடத்தில் வரலாம். வைஸை பாதி திறந்து வைத்து, நகரும் தாடையை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ஸ்பிண்டிலின் (கைப்பிடியோடு சுழலும் நீளத் திருகு) தலைக்கும் தாடைக்கும் நடுவில் உள்ள இடைவெளி விரிந்து சுருங்கினால், தேய்ந்தது உள்ளே இருக்கும் வாஷரும் ஸ்பிளிட் பின்னும்தான். சில ரூபாய் வேலை. இடைவெளி அப்படியே இருக்க, ஸ்பிண்டிலும் தாடையும் சேர்ந்தே நகர்ந்தால், தேய்ந்தது பாக்ஸ் நட்டு.

எவ்வளவு தேய்ந்தது என்பதையும் கணக்குப் போடலாம். அங்குலத்துக்கு நாலு மரை கொண்ட சதுர மரையில் ஒரு சுற்றுக்கு 6.35 மில்லிமீட்டர் நகர்வு. பல்லின் தடிமன் அதில் பாதி, கிட்டத்தட்ட 3.2 மில்லிமீட்டர். சேர்ந்து நகரும் ஆட்டம் அரை மில்லிமீட்டர் என்றால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். ஒன்றரை மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் பல்லில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. பலமாக இறுக்கும்போது ஒருநாள் மொத்தமாக வழுக்கிவிடும். பிறகு ஸ்பிண்டிலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பல்லின் மேல்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். கத்தி முனைபோல் கூர்ந்திருந்தால் ஸ்பிண்டிலும் போய்விட்டது. பெரும்பாலும் தாடை மூடிய நிலைக்குப் பக்கத்தில்தான் தேய்மானம் அதிகம், ஏனென்றால் தினசரி வேலை அங்கேதான் நடக்கும்; கடைசி மரைகளை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது.

நம்பர் 23 போன்ற க்விக் ரிலீஸ் வகையில் முழு நட்டு இல்லை, மரையை ஒரு பக்கத்தில் மட்டும் பற்றும் அரை நட்டுதான். ரம்பப் பல் போன்ற மரை ஒரு பக்கத்துச் சுமையை மட்டும் தாங்கும். கெட்டியான மரக்கட்டை ஒன்றை வைத்து இரண்டு கையாலும் இறுக்குங்கள். டக்கென்ற சத்தத்துடன் கைப்பிடி இளகினால் அரை நட்டு தாவுகிறது. காரணம் பல நேரம் நட்டுக்கும் மரைக்கும் நடுவே உறைந்துபோன பழைய கிரீஸும் இரும்புத்தூளும், அல்லது தளர்ந்த ஸ்பிரிங். மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்பிரிங் மாற்றிய பிறகும் தாவினால்தான் நட்டைக் குறை சொல்ல வேண்டும். சரியாக வேலை செய்யும் க்விக் ரிலீஸுக்கு நல்ல விலை கேட்பது நியாயம். தாவுகிற ஒன்றை அந்த விலைக்கு வாங்குவது ஆபத்து.

அடுத்தது தாடைகள். செய்தித்தாளை விரல் அகலக் கீற்றுகளாக நாலு வெட்டி, மேலே இரண்டு மூலையிலும் கீழே இரண்டு மூலையிலும் வைத்து மூடுங்கள். லேசாக இறுக்கியபோது கீழ்க் கீற்று நழுவி, பலமாக இறுக்கியதும் பிடித்துக்கொண்டால் கவலை இல்லை. எவ்வளவு இறுக்கியும் மேல்க் கீற்று உருவிக்கொண்டு வந்தால், நகரும் தாடையின் சறுக்குச் சட்டமும் அது ஓடும் துளையும் தேய்ந்து, தாடை பின்னோக்கிச் சாய்கிறது. இதற்குச் சிக்கனமான மருந்து இல்லை. தகடு வைத்து அடைப்பவர்கள் உண்டு, நீடிக்காது. இடம் வலம் மட்டும் வித்தியாசம் என்றால் தாடைத் தகடுகளைக் கழற்றி, பின்னால் படிந்த துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி சோதியுங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

விரிசல்தான் விலையைக் கொல்லும். பார்க்க வேண்டிய இடங்கள்: போல்ட் போடும் காதுகள், நிலையான தாடையின் கழுத்து, சட்டம் ஓடும் துளையின் மூலைகள், பின்பக்கத்து அடிமேடைக்குக் கீழே. துருவையும் எண்ணெயையும் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவுங்கள், பத்து நிமிடம் விட்டுத் துணியால் நன்றாகத் துடையுங்கள், உடனே சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து பொடியில் கருங்கோடு போடும். தங்க நிறக் கோடு தெரிந்தால் யாரோ பித்தளை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். காதில் என்றால் ஏற்கலாம், கழுத்தில் என்றால் வேண்டாம். புது பெயின்ட் பளபளக்கும் பழைய வைஸில் இந்தச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும், பெயின்ட்டுக்கு அடியில் பட்டி இருக்கலாம். கைப்பிடி வளைந்திருந்தால் குழாய் மாட்டி இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஸ்பிண்டில் தலையில் கைப்பிடி நுழையும் துளையைச் சுற்றியும் பாருங்கள்.

விலை

கீழ்வரம்பு எளிது. வைஸை எடை போட்டு, அன்றைய வார்ப்பிரும்புப் பழைய விலையால் பெருக்குங்கள். வார்ப்புக்குத் தனி விலை, கம்பி இரும்பின் விலை அல்ல. 20 கிலோ வைஸ், கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 600. அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை.

மேல்வரம்புக்கு அளவுகோல், அதே தாடை அகலத்தில் நல்ல இந்திய நிறுவனம் இன்று விற்கும் எஸ்ஜி அயர்ன் வைஸின் விலை. அது 5,000 என்று வைத்துக்கொண்டால் என் மதிப்பீடு இப்படி: விரிசல் இல்லை, ஆட்டம் அரை மில்லிமீட்டருக்குள், அசல் தாடைத் தகடு, வளையாத கைப்பிடி என்றால் 3,500 முதல் 5,000 வரை கேட்கலாம். நட்டு மாற்ற வேண்டியிருந்தால், லேத் பட்டறையில் சதுர மரை நட்டுக்கு விலை கேட்டு அந்தத் தொகையையும் அலைச்சலுக்குக் கொஞ்சமும் கழித்துவிடுங்கள். ஒரு காது உடைந்தது என்றால் மூன்றில் ஒரு பங்கு குறையும். இரும்புப் பட்டை வைத்து மேசையோடு இறுக்கி வேலை வாங்க முடியும். கழுத்தில் விரிசல் என்றால் எடை விலைதான். அதிலும் ஸ்பிண்டில், நட்டு, தாடைத் தகடுகளைக் கழற்றித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதே மாடல் வைத்திருப்பவருக்கு அவை தேவைப்படும்.

பழம்பொருள் விலையை எதிர்பார்க்க வேண்டாம். ரெக்கார்ட் வைஸ்கள் மிகப் பெரிய எண்ணிக்கையில் தயாரானவை, பிரிட்டனிலும் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. இங்கே வாங்குபவர் அதில் அரம் போடப் போகிறவர்; அவருக்கு மரைதான் முக்கியம்.

புதுசா பழசா என்று கேட்டால், மலிவு விலைப் புது வைஸைவிட நல்ல நிலையில் உள்ள பழைய நம்பர் 5-ஐத் தயங்காமல் சொல்வேன். சட்டத்தின் மேற்பரப்பு, மரையின் வழுவழுப்பு, தாடை வந்து சேரும் நேர்த்தி ஆகியவற்றில் மலிவுச் சரக்கு கிட்டவும் வராது. ஆனால் சம்மட்டி அடிக்கும் வேலை என்றால் எஸ்ஜி அயர்ன் புது வைஸே சரி. பழையவை பெரும்பாலும் சாதாரண வார்ப்பிரும்பு, பலத்த அடியில் வளையாது, உடையும். அடித்தே ஆக வேண்டும் என்றால் அடி நிலையான தாடையின் பக்கம் போகட்டும். நகரும் தாடையின் பக்கம் அடித்தால் சுமை முழுவதும் மரையில் விழும்.

கழற்றுவது, துடைப்பது, பொருத்துவது

தாடையைத் திறந்துகொண்டே போனால் கடைசியில் ஸ்பிண்டில் நட்டை விட்டு வெளியே வரும். அந்த நேரத்தில் கீழே ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் தாடை காலில் விழும். ஸ்பிளிட் பின், வாஷர், ஸ்பிரிங் வந்த வரிசையைப் படம் எடுத்து வையுங்கள். தாடைத் தகட்டுத் திருகாணி வரவில்லை என்றால் உளியால் அடிக்காமல், எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, பள்ளத்தை முழுதாக நிறைக்கும் அகலமான திருப்புளியை ஸ்பேனரால் திருப்புங்கள்.

துருவுக்கு மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் பெரும்பாலும் போதும். மின்சாரத்தில் துரு எடுப்பதானால் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் சார்ஜர், வைஸ் பாகம் மைனஸில், பழைய இரும்புத் தகடு பிளஸில். பிளஸில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டவே வேண்டாம், நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த இடத்தில், நெருப்பில்லாமல் செய்ய வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட வேண்டாம். விற்கப் போகிறீர்கள் என்றால் புது பெயின்ட்டே அடிக்காதீர்கள். அசல் பெயின்ட் தேய்ந்திருப்பது வாங்குபவருக்கு நம்பிக்கை தரும்.

மரைக்குக் கிரீஸ், சட்டத்துக்கு எண்ணெய் மட்டும். சட்டத்தில் கிரீஸ் பூசினால் அரத்தூள் ஒட்டித் தேய்த்துவிடும். மேசையில் வைக்கும்போது நிலையான தாடையின் முகம் மேசை விளிம்பைத் தாண்டிச் சற்று வெளியே நிற்கட்டும், அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். தாடையின் மேல்மட்டம் முழங்கை உயரம். பலகை சமமில்லாமல் இருக்க, போல்ட்டை மட்டும் இறுக்கினால் காது உடையும். மெல்லிய பிளைவுட் வைத்துச் சமம் செய்துவிட்டு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

வெளியூருக்கு லாரி பார்சலில் அனுப்புவதானால் நகரும் தாடையைக் கழற்றி இரண்டு கட்டாகப் போடுங்கள். ஸ்பிண்டிலின் மரையில் சணல் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள், காதுகளுக்கு அடியில் பலகை வைத்துக் கம்பியால் இறுக்குங்கள்.