மாங்காய் மண்டியில் ஓப்பன்சிவி: நான்கு சீசன் அனுபவம்

கிருஷ்ணகிரியில் மண்டி வைத்திருக்கும் மாமாவுக்காக 2022 மாங்காய் சீசனில் ஒரு ஆண்ட்ராய்டு செயலி எழுத ஆரம்பித்தேன். கிரேட்டுக்கு மேலே ஃபோனைப் பிடித்தால் மேலடுக்கில் எத்தனை காய், அதில் பெருசு எத்தனை, சிறுசு எத்தனை என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. படத்தை அலசிப் பார்க்கும் ஓப்பன்சிவி, ஆண்ட்ராய்டில் கேமராவை இயக்கும் கேமராஎக்ஸ் என்ற இரண்டு நிரல் நூலகங்களையும் வைத்துக் கட்டினேன். நான்கு சீசன் ஓடிவிட்டது, அடித்தளம் இன்னும் அதே இரண்டுதான்.

ஆரம்பத்தில் ஓப்பன்சிவியைத் திட்டத்துக்குள் கொண்டுவரவே இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். 2023 கடைசியில் வந்த 4.9 பதிப்பு முதல் நூலகங்களுக்கான பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலிலேயே கிடைக்கிறது, ஒரு வரி சேர்த்தால் போதும்.

நிறம்தான் என்னை அதிகம் படுத்தியது. நிறம், செறிவு, வெளிச்சம் என்று பிரித்துச் சொல்லும் எச்எஸ்வி முறையில் நிறக்கோணம் 360 வரை போகும் என்று நினைத்திருந்தேன். எட்டு பிட்டுக்குள் (255-க்கு மேல் எண் கொள்ளாது) அடக்க ஓப்பன்சிவி அதைப் பாதியாக்கி 0 முதல் 179 வரை வைத்திருக்கிறது. அதைச் சரி செய்த பிறகு வீட்டு வாசலில் அருமையாக எண்ணிய செயலி, மண்டியில் பாதிக் காயை விட்டுவிட்டது. மேலே நீலத் தார்ப்பாய். அந்த வெளிச்சத்தில் கேமரா தானாகவே வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சரிக்கட்டும் அமைப்பு) மாற்றிக்கொண்டே இருக்க, ஒரே செந்தூரா ரகக் காய் ஃபிரேமுக்கு ஃபிரேம் (கேமரா அடுத்தடுத்து எடுக்கும் ஒவ்வொரு படத்திலும்) வேறு நிறமாகத் தெரிந்தது. தரம் பிரிக்கும் அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வெளிய வந்து பாருப்பா. அந்தப் பாய்க்கடியில நாங்களே நிறம் பார்க்க மாட்டோம்." இப்போது முதலில் ஒரு வெள்ளைத்தாளைக் காட்டி, வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிட்டுத்தான் எண்ணுகிறது. கேமராஎக்ஸில் அதற்கு நேரடி வசதி இல்லை, அதற்கு அடியில் இருக்கும் ஆண்ட்ராய்டின் கேமரா2 வழியாக உள்ளே போக வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். 1920-க்கு 1080 அளவில் கேமரா தரும் ஒய்யூவி வடிவ (வெளிச்சமும் நிறமும் தனித்தனியாக இருக்கும்) ஃபிரேம் ஒன்றே சுமார் 3 எம்பி. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 33 மில்லிநொடிதான் கிடைக்கும். மே மாத வெயிலில் ஃபோன் சூடேறியதும் அந்தக் கணக்கு தவிடுபொடி. கிரேட்டில் கிடக்கும் காய் ஓடிவிடாதே! 640-க்கு 480 அளவில் நொடிக்கு ஐந்து ஃபிரேம் மட்டும் பார்க்கச் சொன்னேன், நாள் முழுக்கத் தாங்குகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டு இடத்தில் கட்டாயம் இடறுவீர்கள். ஒன்று, வேலை முடிந்ததும் ஃபிரேமை மூடாமல் விட்டால் திரையில் படம் ஓடும், எண்ணிக்கை மட்டும் நின்றுவிடும். அப்புறம், ஓப்பன்சிவி படங்களை வைத்திருக்கும் மேட் பொருள்களை ரிலீஸ் செய்ய வேண்டும். அவற்றின் நினைவகம் ஜாவாவின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கிறது. நான் விட்டதால் செயலி பத்தாவது நிமிடத்தில் செத்துப்போய்க்கொண்டிருந்தது. விலை குறைந்த ஒரு ஃபோனில் படம் சாய்ந்து கோடுகோடாக வந்ததற்குக் காரணம் வேறு: வரிசையின் முடிவில் கேமரா சேர்க்கும் வெற்று பைட்டுகளை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஒட்டிக்கிடக்கும் காய்களைப் பிரிக்க தூர உருமாற்றம் (ஒவ்வொரு புள்ளியும் காயின் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே என்று கணக்கிடுவது) ஓரளவு உதவியது. போன சீசன் முதல் அந்த வேலையை ஃபோனிலேயே ஓடும் ஒரு சின்ன டென்சர்ஃபுளோ லைட் செயற்கை நுண்ணறிவு மாடல் பார்க்கிறது. மாடலுக்குள் இருக்கும் எண்களை 8 பிட்டாக்கியதும் கோப்பு கால்வாசியாகச் சுருங்கிவிட்டது.

கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரகத்தில் பழுத்தது எது என்றும் சொல்லுமா என்று மாமா கேட்கிறார். பழுத்த பிறகும் அதன் தோலில் பச்சை கலந்திருப்பதுண்டு, கேமராவுக்குப் பிடி கிடைக்கவில்லை. அதை அக்காதான் இன்னும் அழுத்திப் பார்த்து, மோந்து பார்த்துச் சொல்கிறார்.