வீட்டுச் சிஎன்சி ரூட்டருக்கு எந்த லீட் ஸ்குரூ? த்ரெட் ராட், டி8, பால் ஸ்குரூ: ஓர் ஒப்பீட்டு அலசல்

கணினிக் கட்டளைப்படி மரத்தை வெட்டும் சிஎன்சி ரூட்டரை வீட்டிலேயே கட்ட முனைபவர்கள், அதை நகர்த்தும் மரையிட்ட தண்டான லீட் ஸ்குரூவைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் முதலில் கேட்பது, எது துல்லியமானது என்பதைத்தான். என் பார்வையில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. மரம், பிளைவுட், எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) ஆகியவற்றை வெட்டும் இயந்திரத்துக்கு, ஸ்குரூ என்ன வேகத்தில் ரூட்டரை நகர்த்தும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 600 மி.மீ. அகலமும் 900 மி.மீ. நீளமும் கொண்ட வெட்டுப்பரப்பை அளவாக வைத்துக்கொண்டு, வழக்கமாகப் பேசப்படும் மூன்று தேர்வுகளையும் இங்கே எடை போடுகிறேன்: ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்10 த்ரெட் ராட், 3டி பிரிண்டர்களில் பழகிப்போன டி8 ட்ரபிசாய்டல் (சரிவக வடிவ மரை கொண்ட) ஸ்குரூ, 1605 என்ற எண்ணால் அறியப்படும் பால் ஸ்குரூ.

வேகம் ஏன் முதலில் வருகிறது என்பதைச் சிறிய கணக்கு ஒன்று காட்டிவிடும். கையடக்க ட்ரிம் ரூட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்குக் கீழே இறங்குவதில்லை. இரண்டு ஃப்ளூட் (வெட்டு விளிம்பு) கொண்ட 6 மி.மீ. பிட் (வெட்டும் அலகு) ஒன்று எம்டிஎஃபை வெட்டும்போது, ஒவ்வொரு விளிம்பும் சுமார் 0.1 மி.மீ. தடிமனுக்குச் சீவினால்தான் வெட்டு சுத்தமாக இருக்கும். 10,000 சுற்றில் இரண்டு விளிம்புகளும் அப்படிச் சீவ வேண்டுமானால் ரூட்டர் நிமிடத்துக்கு 2,000 மி.மீ. நகர வேண்டும், 18,000 சுற்றுக்கு 3,600 மி.மீ. தேவைப்படும். அந்த வேகத்துக்கு வெகு கீழே நகரும்போது பிட் மரத்தைச் சீவுவதற்குப் பதிலாகத் தேய்க்கிறது, சூடேறுகிறது, வெட்டின் ஓரத்தில் கருகல் கோடு விழுகிறது, பிட்டின் கூரும் விரைவில் போய்விடுகிறது. மெதுவாக ஓட்டினால் இயந்திரத்துக்கும் பிட்டுக்கும் நல்லது என்று புதியவர்கள் நினைப்பது இயல்புதான். ரூட்டரைப் பொறுத்தவரை அந்த நினைப்பு பிட்டை எரிக்கும்.

இந்த இடத்தில் பிட்ச், லீட் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையேயான தூரம் பிட்ச். ஸ்குரூ ஒரு முழுச் சுற்று சுற்றும்போது நட்டு நகரும் தூரம் லீட். எம்10 ராடில் ஒரே மரை ஓடுவதால் இரண்டும் 1.5 மி.மீ.தான். பரவலாக விற்கப்படும் டி8 ஸ்குரூவிலோ நான்கு மரைகள் இணையாக ஓடுவதால், பிட்ச் 2 மி.மீ. ஆக இருந்தும் லீட் 8 மி.மீ. ஆகிறது. 1605 என்ற எண்ணில் 16 என்பது விட்டம், 05 என்பது லீட். ஸ்குரூவைச் சிறு சிறு ஸ்டெப்களாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரின் முறுக்குவிசை வேகம் கூடக் கூடச் சரிவதால், நிமிடத்துக்கு 600 சுற்றுகளை நம்பகமான வேகமாக வைத்துக்கொள்வோம். அப்போது எம்10 ராட் நிமிடத்துக்கு 900 மி.மீ., 1605 ஸ்குரூ 3,000 மி.மீ., 8 மி.மீ. லீட் கொண்ட டி8 ஸ்குரூ 4,800 மி.மீ. நகர்த்தும். மரம் வெட்டத் தேவையான வேகத்தை த்ரெட் ராட் எட்டவே இல்லை.

த்ரெட் ராடின் குறை அத்துடன் முடிவதில்லை. அதன் மரை, நட்டை இறுக்கிப் பிடித்து நிறுத்துவதற்காக 60 பாகைக் கோணத்தில் உருவாக்கப்பட்டது. ஓயாமல் ஓடுவதற்காக உருவாக்கப்பட்டதன்று. உராய்வு அதிகம், தேய்மானம் விரைவு. கடையில் நிற்கும் ராட் நேராக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை; வளைந்த ராட் சுழலும்போது கேன்ட்ரியையும் (ரூட்டரைத் தாங்கி நகரும் சட்டம்) சேர்த்து ஆட்டும். கிரீஸ் தடவிய மரையின் பள்ளத்தில் எம்டிஎஃப் தூள் படிந்தால் அது பசை போல இறுகி, நட்டு செல்லும் இடமெல்லாம் மோட்டாரைத் திணறடிக்கும். இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்வதற்கும், அலுமினியத்தைச் சிறிய பிட்டால் நிமிடத்துக்குச் சில நூறு மி.மீ. வேகத்தில் வெட்டிப் பார்ப்பதற்கும் அது போதும். தொடர்ந்து மரவேலை செய்யப்போகிறவர் அதில் பணத்தைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான போட்டி டி8 ஸ்குரூவுக்கும் பால் ஸ்குரூவுக்கும் இடையேதான். வேகத்தில் டி8 முந்துகிறது, விலையும் மிகக் குறைவு. அது பின்தங்குவது பேக்லாஷில், அதாவது நட்டுக்கும் மரைக்கும் இடையேயுள்ள தளர்வில். திசை மாறும்போது ஸ்குரூ சிறிது சுற்றிய பிறகே நட்டு அசையத் தொடங்கும். பேக்லாஷ் உள்ள இயந்திரத்தில் ஒரு வட்டத்தை வெட்டி விரலால் தடவிப் பாருங்கள்: எக்ஸ் அல்லது ஒய் அச்சு திசை திரும்பும் நான்கு இடங்களிலும் சிறு படியோ தட்டையான பகுதியோ தட்டுப்படும். ஸ்பிரிங் வைத்த பித்தளை நட்டு இதைக் குறைக்கிறது. ஆனால் வெட்டுவிசை ஸ்பிரிங்கின் விசையைத் தாண்டும் கணத்தில் தளர்வு மீண்டும் திறந்துகொள்கிறது. 3டி பிரிண்டரில் வெட்டுவிசை என்பதே இல்லாததால் அங்கே நன்றாக உழைக்கும் அதே நட்டு, தேக்கில் பள்ளம் எடுக்கும் ரூட்டரில் தோற்பது இதனால்தான். திருகி இறுக்கக்கூடிய டெல்ரின் (வழுவழுப்பான கடினப் பிளாஸ்டிக்) நட்டு இதைவிட நன்றாகத் தாங்கும், தேயத் தேய மீண்டும் இறுக்கிக்கொள்ளலாம்.

மென்பொருளில் பேக்லாஷ் ஈடு கொடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் அது நட்டு எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கை மட்டுமே திருத்தும். தளர்வு இருந்த இடத்திலேயே இருக்கும். கிளைம்ப் முறையில், அதாவது பிட்டின் சுழற்சியே ரூட்டரை முன்னால் தள்ளும் திசையில், வெட்டும்போது பிட் தானே கேன்ட்ரியை முன்னால் இழுத்துக்கொள்ள, அந்தத் தளர்வின் அளவுக்கு அது குதிக்கும். இதற்கு மாறாக, லீடில் உள்ள பிழை அவ்வளவு அஞ்ச வேண்டியதன்று. ஸ்குரூவின் நீளம் முழுவதும் சீராகக் கூடிவரும் பிழையை, ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்ற எண்ணை மாற்றியே சரிசெய்துவிடலாம். மரையை உருட்டி அழுத்தி உருவாக்கும் மலிவான பால் ஸ்குரூக்களுக்குச் சொல்லப்படும் சி7 தரம் 300 மி.மீ.க்குச் சுமார் 0.05 மி.மீ. பிழையை அனுமதிக்கிறது, மரவேலைக்கு அது தாராளம்.

1605 பால் ஸ்குரூவில் நட்டுக்குள் குண்டுகள் உருள்வதால் செயல்திறன் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, தேய்மானம் மிக மெதுவாக நிகழ்கிறது, தளர்வும் பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாத அளவில் நிற்கிறது. மரையின் அடி விட்டம் சுமார் 13 மி.மீ. என்பதால், 5.5 மி.மீ. மட்டுமே உள்ள டி8 ஸ்குரூவைப் போல நீளத்தில் சாட்டையாக ஆடுவதில்லை. நீளம் இரட்டித்தால் இந்த ஆட்டம் தொடங்கும் சுற்றுவேகம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு முனை இறுக்கிப் பிடிக்கப்பட்டு மறுமுனை தாங்கப்பட்ட 1605 ஸ்குரூவை, 900 மி.மீ. நீளத்தில் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேலும் ஓட்டலாம். அங்கே மோட்டார்தான் முதலில் கைவிடும். எட்டடி பிளைவுட் பலகை முழுவதையும் வைத்து வெட்ட நினைத்தால், ஏறத்தாழ 2,400 மி.மீ. நீளத்தில் அதே ஸ்குரூ 340 சுற்றை ஒட்டியே ஆடத் தொடங்கிவிடும். அந்த அளவுக்குப் பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட ரேக் அண்ட் பினியனே ஏற்றது.

பால் ஸ்குரூ வாங்கிவிட்டால் துல்லியம் தானாக வந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்குரூவின் அச்சுவாட்டு விசையை, அதாவது நீளவாட்டில் தள்ளும் விசையை, எது தாங்குகிறது என்பதே கேள்வி. 1605க்குரிய பிகே12 தாங்கியில் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்குகள் இரண்டு சேர்ந்து அந்த விசையை வாங்கிக்கொள்கின்றன. டி8 ஸ்குரூவைப் பலரும் சுருள் வெட்டு கொண்ட அலுமினியக் கப்ளிங்கால் (இரு தண்டுகளை இணைக்கும் உறை) மோட்டாரில் நேரடியாக மாட்டிவிடுகிறார்கள். அப்போது விசை முழுவதும் நீண்டு சுருங்கும் அந்தக் கப்ளிங் வழியாக மோட்டாரின் தண்டுக்குப் போகிறது, தண்டும் உள்ளே சிறிது முன்பின் நகரக்கூடியது. சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை முதலில் ஸ்குரூவின் முனையில் வைத்துக் கேன்ட்ரியைக் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். முள் அசைந்தால் குற்றம் தாங்கியிலும் கப்ளிங்கிலும் இருக்கிறது. நட்டை மாற்றிப் பயன் இல்லை. முனை அசையாமல் கேன்ட்ரி மட்டும் அசைந்தால்தான் நட்டையும் அதன் பிடிப்பையும் சந்தேகிக்க வேண்டும். டி8 பற்றிய புகார்களில் கணிசமானவை அச்சுவாட்டு விசையைத் தாங்கும் ஒரு நல்ல த்ரஸ்ட் பேரிங் போட்டதும் தீரக்கூடியவை.

மேலும் கீழும் நகரும் இசட் அச்சுக்கு வேறு அளவுகோல் வேண்டும். பால் ஸ்குரூவில் உராய்வு மிகக் குறைவு என்பதால், மின்சாரம் நின்றதும் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) தன் எடையாலேயே கீழே இறங்கி, பிட் மரத்தில் குத்தி நிற்கும். 8 மி.மீ. லீட் கொண்ட டி8 ஸ்குரூவும் செங்குத்தான மரை காரணமாக இதே போல நழுவும். டி8 என்றாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று நம்பி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூட்டிக்கொள்பவை ஒற்றை மரை வகைகள்: 2 மி.மீ. லீட் கொண்ட டி8, அல்லது 12 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. லீடும் கொண்ட ட்ரபிசாய்டல். ஸ்பிண்டிலின் எடை நட்டை எப்போதும் ஒரே பக்கம் அழுத்தி வைத்திருப்பதால், இந்த அச்சில் பேக்லாஷும் பெரிதாகத் தெரியாது.

ஆகவே பெயர்ப்பலகையும் அலமாரித் துண்டுகளும் வெட்டுபவருக்கு எக்ஸ், ஒய் அச்சுகளில் 1605, இசட் அச்சில் 12க்கு 3 ட்ரபிசாய்டல் என்பதே என் தேர்வு. பணம் இறுக்கமாக இருந்தால், எக்ஸ், ஒய் இரண்டிலும் டெல்ரின் நட்டுடன் டி8 போட்டு, மிச்சத்தைத் தாங்கிகளில் செலவழிப்பது சரி. நீளத்தை மட்டும் 600 மி.மீ. அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வாசற்கதவுக்குக் கஜலட்சுமி போன்ற புடைப்புச் சிற்பம் செதுக்க நினைப்பவருக்குக் கணக்கு மாறும். அந்த வேலையில் இசட் ஓயாமல் ஏறி இறங்குவதால், 600 சுற்றில் நிமிடத்துக்கு 1,800 மி.மீ. மட்டுமே நகரும் 3 மி.மீ. லீட் மொத்த வேலை நேரத்தையும் இழுத்துவிடும். அவர் இசட் அச்சிலும் 1605 போட்டு, பிரேக் உள்ள மோட்டாரை வாங்குவது நல்லது.