விதியில் குழப்பமா: வாசகமா, வாய்ப்பேச்சா, கட்டமா?

பண்டையப் போர்களை மேசைமேல் மினியேச்சர் வைத்து ஆடும் இடத்தில், பகடை கிளப்பும் சண்டையைவிட அளவுகோல் கிளப்பும் சண்டைதான் அதிகம். என் பேஸின் (பொம்மைகளை ஒட்டிய தட்டின்) மூலை உங்கள் படை கட்டுப்படுத்தும் வட்டாரத்துக்குள் வந்துவிட்டதா, இல்லையா? மூன்று ஆட்டங்கள் இதற்கு மூன்று வழி வைத்திருக்கின்றன.

முதலில் டிபிஏ (டி பெல்லிஸ் ஆன்டிகிடாட்டிஸ்). ஃபில் பார்க்கர் பெயரோடு சேர்ந்தே வரும் ஆட்டம், 1990-இல் வந்தது. ஆளுக்கு 12 எலிமென்ட் (ஒரே பேஸில் ஒட்டிய ஒரு படைப்பிரிவு), ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் விதியின் வாசகம் பத்திரப்பதிவு ஆவணம்போல இறுக்கமானது. ஒரு காற்புள்ளியைத் தவறவிட்டால் அர்த்தமே மாறிவிடும். எதிரி எலிமென்டுக்கு நேர் முன்னால், ஒரு பேஸ் அகலத்துக்கு (15 மி.மீ. பொம்மைக்கு 40 மி.மீ.) ஒரு சதுரம் உண்டு. அதற்குள் ஓரளவு வந்துவிட்டாலும் நினைத்த பக்கம் போக முடியாது: அந்த எதிரிக்கு நேராக நிற்கலாம், மோதப் போகலாம், அல்லது நேர் பின்னால் விலகலாம். சரி, சதுரத்தின் விளிம்பைத் தொட்டு மட்டும் நின்றால்? பழைய பதிப்புகளின் காலத்தில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கென்றே வாஷிங்டன் வட்டார ஆட்டக்காரர்கள் படம் போட்டு ஒரு வழிகாட்டியைத் தொகுத்தார்கள். அதிகாரபூர்வமானது இல்லை என்றாலும், பலரும் அதைத்தான் புரட்டினார்கள். 2014-இல் வந்த மூன்றாம் பதிப்பு, தூர விளிம்பைத் தொட்டாலே உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு என்று எழுதிவிட்டது. படங்களையும் சேர்த்தது. டோர்னமென்டுக்கு இந்த இறுக்கம் தேவைதான். முன்பின் தெரியாதவரோடு ஆடும்போது வாசகம்தான் துணை.

ரிக் பிரீஸ்ட்லியின் ஹெயில் சீசர் (2011) நேர் எதிர். உத்தரவை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பகடை. கி.மு. 197-இல் கிரேக்கத்தின் சைனோசெஃபலே போரில், ஜெயித்துக்கொண்டிருந்த ரோமானிய வலப்பக்கத்திலிருந்து பெயர் தெரியாத ஒரு டிரிப்யூன் (படை அதிகாரி) 20 மேனிபிள்களை (சிறு படைப்பிரிவுகளை) பிரித்துக்கொண்டு போய் மாசிடோனிய ஃபாலங்ஸின் (நெருக்கமான ஈட்டி அணியின்) முதுகில் விழுந்தாரே, அதை இதில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். டிபிஏ-வில் திரும்பும் ஒவ்வொரு எலிமென்டுக்கும் தனித்தனியாக பிப் (பகடையில் விழும் நகர்வுப் புள்ளி) கொடுத்து மாள வேண்டும். ஆனால் ஹெயில் சீசரில் குழப்பம் விதியிலிருந்து உத்தரவுக்கு இடம் மாறிவிடுகிறது. 'குன்றுக்கு வலப்பக்கமாக' என்றால் யாருடைய வலம்? மூன்றாவது ஆள் ஒருவர் அம்பயராக இருந்தால் பிரச்சினையே இல்லை. 1824-இன் பிரஷ்ய போர் விளையாட்டிலிருந்தே அம்பயர் உண்டு. இந்தப் பொழுதுபோக்குக்கு அவர் புதியவர் இல்லை. ஆள் கிடைக்காதபோது, சகித்துக்கொள்ளத் தெரிந்த எதிராளி வேண்டும்.

மூன்றாவது, சைமன் மில்லரின் டு தி ஸ்ட்ராங்கஸ்ட். மேசையே கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; படை இந்தக் கட்டத்தில் இருக்கும், இல்லையென்றால் அந்தக் கட்டத்தில். அளவுகோலுக்கு வேலையே இல்லை. ஆனால் கோணம் பார்த்துப் படையைச் சாய்த்து நிறுத்தும் சுகமும் போய்விடுகிறது. எனக்கு அது பெரிய இழப்பு.

நண்பர்களோடு என்றால் ஹெயில் சீசர், போட்டிக்கு டிபிஏ மூன்றாம் பதிப்பு என்பது என் தேர்வு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் கட்டம். எதை ஆடினாலும், எலிமென்டை நகர்த்தும்போதே "உங்கள் சதுரத்துக்கு வெளியே நிறுத்துகிறேன், சரிதானே?" என்று கேட்டு எதிராளியிடம் ஆம் வாங்கிவிடுங்கள். அடுத்த முறை மேசை ஆடி பேஸ் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், ஒப்புக்கொண்ட இடம்தான் கணக்கு.