மரியோ கார்ட் 8 டீலக்ஸ்: ப்ளூ ஷெல்லைத் திட்டும் முன்

கடைசி லேப், கடைசி வளைவு, முதலிடம். எச்சரிக்கை ஒலி கேட்கிறது, முதலிடத்தில் ஓடுபவரைக் குறிவைத்து வரும் ப்ளூ ஷெல் (நீல ஆமை ஓடு) தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி வெடிக்கிறது. வண்டி மறுபடி நகர்வதற்குள் நாலு பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1996இல் மரியோ கார்ட் 64 வழியாக அந்த ஷெல் அறிமுகமான காலத்திலிருந்தே "இதெல்லாம் வெறும் குருட்டு அதிர்ஷ்டம்" என்ற புலம்பலும் இருக்கிறது. 2014இல் நின்டெண்டோவின் வீ யூ கருவிக்கு வந்து, 2017இல் ஸ்விட்சுக்கு மெருகேறி வந்த இந்தக் கார்ட் பந்தய விளையாட்டில் அந்தப் புலம்பல் பாதிதான் நியாயம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 12 பேர் ஓடும் ரேஸில் முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாவதுக்கு 12, மூன்றாவதுக்கு 10. அதன்பின் 9, 8, 7 என்று ஒவ்வொன்றாக இறங்கும். ஒரு கோப்பைக்கு நான்கு ரேஸ். ஒரு ரேஸில் அதிர்ஷ்டத்தால் ஜெயித்து, மற்ற மூன்றிலும் ஏழாவதாக வருபவருக்கு 33 புள்ளிதான். ஒன்றைக்கூட ஜெயிக்காமல் நான்கிலும் மூன்றாவதாக வருபவருக்கு 40. ஒரே ரேஸை வைத்துச் சண்டை போடுபவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பாதையில் இருக்கும் பெட்டியை மோதினால் அதிலிருந்து எந்தப் பொருள் வரும் என்பதும் முழுச் சீட்டுக்குலுக்கல் இல்லை. முதலாமவரிடமிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் விளையாட்டு பொருள் தருகிறது. முன்னால் ஓடுபவருக்குக் காசு, வாழைப்பழத் தோல், பச்சை ஷெல், எப்போதாவது ஒரு சூப்பர் ஹார்ன். பின்னால் போகப் போக திடீர் வேகம் தரும் மஷ்ரூம்கள், எந்த அடியும் படாமல் காக்கும் ஸ்டார், தானாகவே முன்னால் பறக்கவைக்கும் புல்லட் பில், மற்றவர்களைக் குட்டியாக்கி மெதுவாக்கும் மின்னல். இது தெரிந்தவர்கள் வேண்டுமென்றே பின்தங்கி, பொருள் வைக்க இருக்கும் இரண்டு கட்டங்களிலும் பெரிய பொருள்களை நிரப்பிக்கொண்டு, புல்வெளிக் குறுக்குவழி வந்ததும் பாய்வார்கள். பார்ப்பவருக்கு அதிர்ஷ்டம் மாதிரிதான் இருக்கும்! ஆனால் எந்த டிராக்கில் இது பலிக்கும், எந்த இடத்தில் பாய வேண்டும் என்பது மனப்பாடமாகத் தெரியாவிட்டால் பின்தங்கியது பின்தங்கியதாகவே முடியும்.

முன்னால் ஓடுபவரின் கலை வேறு. வாழைப்பழத் தோல் கிடைத்தால் எல் பட்டனை அழுத்திப் பிடித்து வண்டியின் பின்னாலேயே வைத்திருங்கள். துரத்தி வரும் சிவப்பு ஷெல் அதில் மோதி உடையும். ப்ளூ ஷெல்லை உடைக்கும் பொருள் சூப்பர் ஹார்ன். அது இரண்டாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டால் முதல் கட்டத்தில் இருப்பதைச் செலவழித்த பிறகுதான் ஊத முடியும், இரண்டையும் இடம் மாற்ற வழியே இல்லை. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மஷ்ரூம் மிச்சமிருந்தால், ஷெல் தலைக்கு மேலிருந்து இறங்கும் நொடியில் அழுத்தித் தப்பலாம். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் மஷ்ரூமும் போச்சு, இடமும் போச்சு.

காசையும் அலட்சியம் செய்யாதீர்கள். 10 காசு வரை சேரச் சேர உச்ச வேகம் கூடும், ஒவ்வொரு அடிக்கும் 3 காசு சிதறும்.

அதிர்ஷ்டம் தொட முடியாத இடம் டிரிஃப்ட். ஆர் பட்டனை அழுத்திக் குதித்து வளைவுக்குள் சறுக்கினால் முதலில் நீலப் பொறி, பிறகு ஆரஞ்சு, கடைசியில் ஊதா. எந்த நிறத்தில் விடுகிறீர்களோ அந்த அளவுக்கு உந்துதல். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: ஸ்மார்ட் ஸ்டியரிங் என்ற உதவி போட்டபடியே இருந்தால் ஊதா வராது, சில குறுக்குவழிகளுக்குள்ளும் வண்டி போகாது. வண்டியின் பின்னால் ஒரு ஆன்டெனா தெரிந்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டி தேர்வுத் திரையில் பிளஸ் பட்டனை அழுத்தி அணைத்துவிடலாம். "எனக்கு மட்டும் ஊதாவே வர மாட்டேங்குது" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மிக வேகமான வகுப்பான 200 சிசியில் இன்னொரு பாடம். சறுக்கும்போதே பி பட்டனைத் தட்டினால் டிரிஃப்ட் விடாமல் வேகம் மட்டும் குறைந்து வளைவு இறுகும். இது கைவராதவருக்கு எந்த ஸ்டாரும் உதவாது, சுவரில்தான் முடியும்.

விளையாட்டின் உண்மையான குறை, மினி டர்போ (டிரிஃப்ட்டை விட்டதும் கிடைக்கும் உந்துதல்) எவ்வளவு நேரம் உந்தும் என்ற அளவை வண்டித் தேர்வில் காட்டாததுதான். ரோலர் போன்ற குட்டிச் சக்கரங்களை அனுபவசாலிகள் தேடிப் போவது அந்த மறைந்த எண்ணுக்காகவே. புதியவர்கள் வேகக் கோட்டை மட்டும் பார்த்துக் கனமான சக்கரத்தை மாட்டிவிட்டு, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஆமையாக ஊர்கிறார்கள்.

டிராக்கும் முக்கியம். பேபி பார்க் 7 லேப் ஓடும் ஒரு குட்டி நீள்வட்டம். எதிர்ப்பக்கம் எறிந்த ஷெல்கூட உங்கள் மேல் விழும், அங்கே அதிர்ஷ்டம் தாராளமாக விளையாடும். மவுண்ட் வாரியோவில் மலையிலிருந்து இறங்கும் மூன்று பகுதிகள், திரும்ப வருவதே கிடையாது. நன்றாக ஓட்டுபவர் பிரிந்து போய்விடுவார்.

அதிர்ஷ்டமே வேண்டாமென்றால் டைம் டிரையல் இருக்கிறது: பெட்டி கிடையாது, ஆளுக்கு 3 மஷ்ரூம், அவ்வளவுதான். நண்பர்களோடு விளையாட விஎஸ் ரேஸின் கஸ்டம் ஐட்டம்ஸ் அமைப்பில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நீக்கலாம். நீக்குவதென்றால் முதலில் மின்னலை நீக்குங்கள், ப்ளூ ஷெல் இருந்துவிட்டுப் போகட்டும். ஷெல்லுக்கு ஹார்ன் உண்டு, மஷ்ரூம் உண்டு. மின்னலிலிருந்து தப்ப ஸ்டார், புல்லட் பில் போல ஏதாவது வேண்டும், முதலிடத்தில் ஓடுபவருக்குப் பெட்டி அவற்றைத் தருவதே இல்லை.